ஏவலும் வியங்கோளும்: ஒரகடத்துச் சுவர்களில் கட்டளையின் வரலாறு

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் என்று நீளும் தொழிற்பேட்டைகளில் மதிற்சுவருக்கு உள்ளே ஒரு தமிழும் வெளியே இன்னொரு தமிழும் புழங்குகின்றன. உள்ளே இருப்பது நிர்வாகத்தின் தமிழ்: தலைக்கவசம் அணியவும், வரிசையில் செல்லவும், இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சுத்தம் செய்யவும். வெளியே சுவரொட்டியில் இருப்பது தொழிற்சங்கத்தின் தமிழ்: சங்கத்தை அங்கீகரி, பணிநீக்கத்தை ரத்து செய், ஒப்பந்தத் தொழிலாளரை நிரந்தரமாக்கு. இரண்டும் கட்டளைதான். சம்பளம் கொடுப்பவர், வேலையை விட்டு நிறுத்தக்கூடியவர், கேட்டைத் திறக்கவும் மூடவும் அதிகாரம் உள்ளவர் பதமாகப் பேசுகிறார். அவரிடம் வேலை பார்ப்பவர் மொட்டை வினையடியை எடுத்து வீசுகிறார். நூற்றிருபது, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இந்த நிலம் ஏரிப்பாசன வயலாக இருந்தபோது நிலைமை நேர் எதிர். மொட்டைச் சொல்லை வீசியவர் நிலவுரிமை கொண்ட மிராசுதார். கைகட்டி நின்று ‘ஆகட்டுங்க சாமி’ என்றவர் அவர் நிலத்தில் உழைத்த படியாள். இந்த இடமாற்றம் எப்படி நடந்தது என்பதே இங்கே கேள்வி. தமிழில் கட்டளைச் சொல்லை ஆக்குவது மிக எளிது. அதை யார் யாரிடம் மொட்டையாகச் சொல்லலாம் என்பதோ எக்காலத்திலும் உரிமைப் பிரச்சினை. அந்த உரிமை இல்லாதவர்களும், இருந்தும் அதைக் காட்டிக்கொள்ள விரும்பாதவர்களும் கண்டுபிடித்த சுற்றுவழிகள்தாம் நம் கட்டளை இலக்கணத்தின் பெரும்பகுதி. இதுவே என் வாதம்.

எளிது என்பதற்கு நன்னூலே சாட்சி. மூன்றாம் குலோத்துங்கனுக்குக் கீழ் ஆண்ட சீயகங்கன் கேட்டுக்கொண்டதால் பவணந்தி முனிவர் செய்த நூல் அது. வினைப்பகாப்பதத்துக்கு, அதாவது இனிமேல் பிரிக்க முடியாத வினையடிக்கு, நட, வா, உண், பார், செல், கேள் என்று 23 வாய்பாடுகளை அது அடுக்குகிறது. அத்தனையும் கட்டளைகள். வினையடி என்றாலே முன்னிலை ஒருவரை ஏவும் சொல் என்றுதான் இலக்கணக்காரர் பார்த்தார். ஒட்டு வேண்டாம், விகுதி வேண்டாம். வேரைப் பிடுங்கி நீட்டினால் அதுவே ஏவல். தொல்காப்பியம் முன்னிலை ஒருமைக்கு இ, ஐ, ஆய் என்ற மூன்று ஈறுகளையும் பன்மைக்கு இர், ஈர், மின் என்ற மூன்றையும் சொல்கிறது. அந்த ஆய் இன்றும் மார்கழி விடியலில் திருப்பாவையின் ‘எழுந்திராய்’ என்ற சொல்லில் உயிரோடிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுசருக்குத் திருப்பாவை ஜீயர் என்ற பெயர் உண்டென்பதால் அந்த ஊருக்கு இது அந்நியமான வடிவம் இல்லை. ஆனால் வடிவம் எவ்வளவு சுருக்கமோ, அதைப் பயன்படுத்தும் வட்டமும் அவ்வளவு குறுகியது. குழந்தையிடம் ‘வா’ எனலாம், மாட்டிடம் எனலாம், கூடப் படித்தவனிடம் எனலாம், கடவுளிடம் எனலாம். மாமனாரிடமோ வாத்தியாரிடமோ ‘வா’ என்றால் அன்றைக்கு வீட்டில் பஞ்சாயத்துதான்.

அதனால்தான் பழைய இலக்கணத்தில் ஏவலுக்குப் பக்கத்திலேயே வியங்கோள் என்று ஒன்று நிற்கிறது. செய்க, வாழிய, வாழியர் என்று வரும் இந்த வடிவம் வாழ்த்து, வைதல், வேண்டல் ஆகியவற்றுக்குரியது. தொல்காப்பியர் இதைப் படர்க்கைக்கு உரியதாகவே வைத்தார். தன்மையிலும் முன்னிலையிலும் இது நிலைபெறாது என்றார். உரைகாரர்கள் அவ்விடங்களிலும் ‘சிறுபான்மை வரும்’ என்று சிறு சந்து திறந்துவிட்டார்கள். பவணந்தி காலத்துக்கு வந்தால் சந்து வாசலாகிவிட்டது. வியங்கோள் எல்லா இடத்துக்கும் எல்லாப் பாலுக்கும் வரும் என்று நன்னூல் விதிக்கிறது. இந்த நகர்வை வெறும் வழக்கு மாற்றம் என்று தள்ளிவிடுவது எனக்கு ஒப்பவில்லை. தூரத்தில் உள்ள ஒருவரைப் பற்றி ‘அவர் வாழ்க’ என்று சொல்ல இருந்த வடிவத்தை எதிரில் நிற்பவருக்கே ‘வருக’ என்று திருப்பியிருக்கிறார்கள். எதிரில் நிற்பவரை இலக்கணத்தில் மட்டும் சற்றுத் தள்ளி நிறுத்தி, அங்கிருந்து அவரிடம் பேசுகிறோம். அந்த இடைவெளிக்குத்தான் மரியாதை என்று பெயர். தேர்தல் மேடையின் ‘வருக வருக’ முதல் பள்ளி வினாத்தாளின் ‘விடையளிக்க’ வரை இன்றைக்கும் அது புழங்குகிறது.

இது தமிழுக்கே உரிய விசித்திரமோ என்று ஐயம் வரலாம். தமிழோடு எந்த உறவும் இல்லாத ஸ்பானிய மொழி இதையே செய்திருக்கிறது. அங்கே ஒழுங்கான வினைச்சொற்கள் ஆர், ஏர், ஈர் என்ற மூன்று ஈறுகளில் முடியும். ஆப்லார் என்றால் பேச, கோமேர் என்றால் சாப்பிட, எஸ்க்ரிபீர் என்றால் எழுத. ‘நீ’ என்று அழைக்கும் நெருக்கத்தில் உள்ளவரை ஏவ, ஆப்லா, கோமே, எஸ்க்ரீபே என்று சொன்னால் போதும். நிகழ்காலத்தில் ‘அவன் பேசுகிறான்’ என்பதற்கும் அதே ஆப்லாதான். லத்தீனில் தனித்தனியாக இருந்த இரண்டு வடிவங்கள், ஒன்றின் கடைசி ஒலி தேய்ந்துபோனதால் ஒன்றாகிவிட்டன. மரியாதைக்குரியவரிடம் பேசும்போது உயிரெழுத்து இடம் மாறும். ஆர் வினைக்கு ஏ ஈறு, மற்ற இரண்டுக்கும் ஆ ஈறு: ஆப்லே, கோமா, எஸ்க்ரீபா. பலராக இருந்தால் கடைசியில் ஒரு ன் சேரும்: ஆப்லேன், கோமான், எஸ்க்ரீபான். பாடப்புத்தகம் இதை ஓர் அட்டவணையாகப் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லும். அந்த உயிரெழுத்து எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் வரலாறு தெரியும். ஆப்லே என்பது கட்டளை வடிவமாகப் பிறந்ததே இல்லை. ‘அவர் பேசட்டும்’ என்ற விருப்பத்தைச் சொல்லும் படர்க்கை வடிவம் அது, அசல் வியங்கோள். எதிரில் நிற்பவரை ‘வுயெஸ்த்ரா மெர்செத்’, அதாவது ‘தங்கள் தயை’ என்று பட்டப்பெயர் வைத்து விளித்த வழக்கம் 17ஆம் நூற்றாண்டில் தேய்ந்து ‘உஸ்தெத்’ ஆயிற்று. தயை என்பது படர்க்கைப் பொருள் ஆதலால் வினையும் படர்க்கைக்குப் போயிற்று. ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயில் வட்டாரத்தில் இதை விளக்கவே தேவையில்லை. ‘தேவரீர் எழுந்தருள வேணும்’ என்று சொல்லும் வைணவ வழக்கிலும் நீ இல்லை, வா இல்லை, நேர் ஏவல் இல்லை. எதிரில் நிற்பவர் பட்டப்பெயராகிவிட்டார், வருகை அருளாகிவிட்டது, கட்டளை ஒரு தேவையாகிவிட்டது.

ஒரே வாசகத்தை இரண்டு மொழியும் எப்படிக் கையாள்கின்றன என்று பார்க்கக் கிறிஸ்தவர்களின் கர்த்தர் ஜெபத்தைவிட நல்ல இடம் இல்லை. இறைவனின் ராஜ்யத்தைக் கேட்கும் இடத்தில் தமிழ் ‘வருவதாக’ என்கிறது, ஸ்பானியம் ‘பெங்கா’ என்கிறது. இரண்டும் படர்க்கை விருப்பம். அன்றாட அப்பத்தைக் கேட்கும் இடத்தில் வழிகள் பிரிகின்றன. ஸ்பானியம் கூச்சமின்றி ‘நீ கொடு’ என்று ஒருமையில் ஏவுகிறது. தமிழ் வேதாகமமோ ‘தாரும்’ என்று நீர் வடிவத்துக்கு ஏறிவிடுகிறது. தேவாரமும் திவ்வியப் பிரபந்தமும் கடவுளை ‘நீ’ என்று உரிமையோடு அழைத்த மொழியில், வெளியிலிருந்து வந்த சமயம் ஒரு படி மரியாதையைக் கூட்டிக்கொண்டது சிந்திக்கத்தக்கது. ஐபீரியத் தீபகற்பத்து இலக்கண அட்டவணை தமிழ் வினைச்சொல்லைத் தொட்டது முத்துக்குளித்துறையில். அங்கே பரதவரிடையே பணியாற்றிய போர்த்துக்கீசிய இயேசு சபைத் துறவி என்றிக்கே என்றீக்கசு, 1549 வாக்கில் தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார். லத்தீன் இலக்கண மரபையும், ஜோவாவ் தெ பாரோஸ் 1540இல் வெளியிட்ட போர்த்துக்கீசிய இலக்கணத்தையும் அவர் முன்மாதிரியாகக் கொண்டார். 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் என்ற சமய நூலும் அவருடையதே. ஐரோப்பியர் தமிழுக்கு எழுதிய இலக்கணங்களில் மிகப் பழையது அவருடைய அந்த இலக்கணம்.

இனி உள்ளூருக்கு வரலாம். ஒரகடம் இருக்கும் அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் உத்திரமேரூரும் இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, 919, 921 ஆண்டுகளுக்குரியவை. குடவோலைத் தேர்தல் விதிகள் என்று பாடப்புத்தகம் வரை வந்துவிட்டவை. அரசன் ஆணையைக் கொண்டுவந்த அதிகாரி உடனிருக்க, மகாசபை தனக்குத் தானே வகுத்துக்கொண்ட விதிகள். இரண்டாவது கல்வெட்டின்படி, கால்வேலிக்கு மேல் இறைநிலம் உடையவராய், சொந்த மனையில் வீடுகட்டிக் குடியிருப்பவராய், 35 வயதுக்குக் குறையாதவராய், 70 வயதுக்கு மேற்படாதவராய் இருக்க வேண்டும். கணக்குக் காட்டாமல் இருந்தவரும் அவருடைய உறவினரும் கூடாது. இத்தனை கடுமையான விதிகள் எந்த நடையில் எழுதப்பட்டன என்பதை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ‘இடுவதாகவும்’ என்பது போன்ற முடிவுகளில் வாக்கியங்கள் போய் நிற்கின்றன. இடு என்றோ இடுமின் என்றோ யாரையும் பார்த்து ஏவவில்லை. கோயில் விளக்குக்கு ஆடு பெற்றவர்கள் எழுதிக்கொடுத்த கல்வெட்டுகளிலோ ‘எரிக்கக் கடவோம்’ என்று கட்டளை தன்மைக்கே திரும்பிவிடுகிறது. செய்ய வேண்டியவரே தன்னைக் கடன்பட்டவராக அறிவித்துக்கொள்கிறார். கல்லில் வெட்டிய சட்டம் பல தலைமுறைக்குப் பேச வேண்டியது. அதற்கு எதிரில் நிற்பவர் யாரென்று தெரியாது. ஆகவே முன்னிலையை விட்டு விலகிற்று. இன்றைய தொழிற்சாலைப் பலகையின் ‘அணியவும்’, ‘செல்லவும்’ ஆகியவற்றையும் கல்வெட்டின் ‘இடுவதாகவும்’ என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பலகை வடிவத்தில் செய் என்ற அடியிலிருந்து செய்ய என்ற எச்சம், அதன்மேல் ஓர் உம். வேண்டும் என்ற வினைமுற்று சொல்லப்படாமல் காற்றில் தொங்குகிறது. ஆயிரம் ஆண்டு இடைவெளியிலும் பொதுச்சுவர் என்ற ஒன்று, பேசுபவர் முகத்தையும் கேட்பவர் முகத்தையும் ஒருசேர மறைக்கும் வடிவத்தையே நாடியிருக்கிறது. ஸ்பானியச் சுவர்களும் அப்படித்தான். கதவில் ‘எம்புஹார்’, அதாவது ‘தள்ள’. மருத்துவமனையில் ‘நோ ஃபுமார்’. முழு வினைமுற்று இல்லை, வெறும் எச்சம். ஆளைப் பார்த்து ஏவ அது தகாது, பொதுப் பலகைக்குத் தகும் என்று ஸ்பானிய மொழிக் கழகமே பிரித்துச் சொல்கிறது.

கல்வெட்டு பேசியது நிலமுள்ளவர்களுக்குள். நிலமில்லாதவரிடம் யாரும் வியங்கோளில் பேசவில்லை. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் மிராசு உரிமை கொண்டவர்களுக்கும் அவர்கள் நிலத்தில் உழைத்த படியாட்களுக்கும் இடையே இருந்த உறவை, 1891இல் கலெக்டர் டிரெமன்ஹீர் எழுதிய அறிக்கை அரசின் முன் வைத்தது. பறையர் சாதி மக்களுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, கடனும் பழக்கமும் சேர்ந்து அவர்களை ஓர் எசமானனிடம் கட்டிப்போட்டிருக்கின்றன என்பதே அதன் சாரம். தாழ்த்தப்பட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் என்று இன்று நாம் அறிவது 1892இல் அந்த அறிக்கையைத் தொடர்ந்து வந்த அரசாணையின் பயன். அறிக்கை நிலத்தைப் பற்றியது. ஆனால் நிலத்தின் உறவு பேச்சில் எப்படி இருந்தது என்பது இப்பகுதியில் மூன்று தலைமுறைக்கு முன்வரை எல்லாருக்கும் தெரிந்த செய்தி. அறுபது வயதுப் படியாளை எசமானர் வீட்டுப் பத்து வயதுப் பையன் ‘டேய், இங்க வா’ என்பான். வயதுக்கு மரியாதை என்ற விதியைச் சாதி ரத்து செய்திருந்தது. வேலைக்காரனுக்கு ஏவலாள் என்று பெயர். ஏவல் என்ற இலக்கணப் பெயரும் அதே வேர்தான். (பில்லி சூனியத்தோடு சேர்த்துச் சொல்லும் ஏவலும் அதுவே. ஒருவன் மனத்தை மீறி அவனை இயக்குவது என்ற பொருளில் மூன்றும் ஒன்றுபடுவதை மறுக்க முடியாது.) மொட்டை வினையடி அங்கே இலக்கண எளிமையின் அடையாளமாக இல்லை. பதில் பேச முடியாதவரிடம் மட்டும் செல்லுபடியாகும் நாணயமாக இருந்தது.

அந்த வயல்களின் மேல் தொழிற்சாலைகள் வந்தன. 1996இல் பதிவான ஹூண்டாய் இந்தியா, இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998இல் சான்ட்ரோ காரை வெளியிட்டது. செயின்ட் கோபைன் கண்ணாடி 2000இல், நோக்கியா 2006இல், ஒரகடத்தில் ரெனோ–நிசான் 2010இல், டெய்ம்லர் 2012இல், ராயல் என்ஃபீல்டு 2013இல். கொரியா, பிரான்ஸ், பின்லாந்து, ஜப்பான், ஜெர்மனி என்று ஆளுக்கொரு நாட்டிலிருந்து வந்த நிர்வாகங்கள் தத்தம் மொழியின் மரியாதைப் படிகளையும் கூட்டிவந்தன. கொரிய மொழியில் கட்டளைக்கே பல படிகள் உண்டு. ஆனால் சுவரில் எழுத இந்தியச் சட்டம் ஏற்கெனவே வழி வகுத்திருந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 108ஆம் பிரிவு, அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பாலான தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. அதற்கு இரண்டாண்டு முந்தைய, பணிவிதிகளைப் பற்றிய நிலையாணைச் சட்டமும் அப்படியே சொன்னது. ஆகவே தமிழ் வந்தாக வேண்டியிருந்தது. எந்தத் தமிழ் என்பதற்கு அரசு அலுவலகமும் ரயில்வேயும் முன்மாதிரி ஆயின: ‘செய்யவும்’, ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’. இதில் மரியாதையும் இல்லை மண்ணும் இல்லை, வெறும் எழுத்துநடைப் பழக்கம் என்று ஒருவர் சொல்லக்கூடும். பழக்கம் என்பது சரி. ஆனால் பலகையில் இடம் குறைவு. சுருக்கம்தான் குறி என்றால் ‘அணி’ என்ற இரண்டெழுத்து ‘அணியவும்’ என்ற ஐந்தெழுத்தை வென்றிருக்க வேண்டும். கண்ணாடிக் கதவில் மட்டுமே ‘தள்ளு’, ‘இழு’ வென்றது, அதுவும் எல்லாக் கதவிலும் இல்லை. கதவைத் தள்ளுவதில் மேலார் கீழார் இல்லை. தலைக்கவசம் அணிவதிலோ, அணியாதவரைத் தண்டிக்க ஒருவர் இருக்கிறார். அதிகாரம் இருக்கும் இடத்தில்தான் சொல் நீள்கிறது.

பலகை ஒன்று, வாய்ப்பேச்சு வேறொன்று. லைனில் நிற்கும் சூப்பர்வைசர் ‘சரிபார்க்கவும்’ என்று பேசினால் சிரித்துவிடுவார்கள். அங்கே ஆள்வது பண்ணு. செக் பண்ணு, டைட் பண்ணு, லோடு பண்ணு, ரிஜெக்ட் பண்ணிடு. தனித்தமிழ்க்காரர்களுக்கு இது வயிற்றெரிச்சல் தரலாம். ஆனால் இலக்கணக் கண்ணால் பார்த்தால் இது ஒரு நேர்த்தியான ஏற்பாடு. தமிழில் வா, தா போன்ற வினைகள் மரியாதைக்கு ஏறும்போது வாருங்கள், தாருங்கள் என்று உருமாறும். கேளின் இறந்தகாலம் கேட்டது, நில்லின் எச்சம் நின்று. புதிதாகக் கற்பவர் ஒவ்வொன்றையும் தனியே படிக்க வேண்டும். பண்ணு வந்ததும் எல்லா வினையும் ஒழுங்கான வினையாகிவிடுகிறது. ஆங்கிலச் சொல் அசையாமல் நிற்கும். பண்ணு மட்டும் பண்ணுப்பா, பண்ணும்மா, பண்ணுங்க என்று உறவையும் மரியாதையையும் சுமந்து ஏறி இறங்கும். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து லைனில் நிற்கும் இளைஞருக்கு முதலில் பிடிபடுவது அந்த ஒரு சொல்லும் அதன் பின்னால் வரும் ஒரு ‘ங்க’வும்தான். அவருடைய இந்தியிலும் கர், கரோ, கீஜியே என்று மூன்று படி. மேல்படியான கீஜியே, ‘செய்யப்படட்டும்’ என்ற பழைய செயப்பாட்டு வடிவின் வாரிசு என்பது மொழி வரலாற்றாளர் கருத்து. அங்கும் அதே விலகல். மெக்சிகோவுக்கும் சிலிக்கும் பெருவுக்கும் ஏற்றுமதியாகும் கார்களை இந்த இளைஞர்கள்தாம் பூட்டி அனுப்புகிறார்கள். அங்கே அந்த வண்டியின் கையேடு ஓட்டுநரிடம் பேசும் மொழியில் உஸ்தெத்தின் ஏயும் ஆவும்தான் ஒலிக்கும்.

இனிச் சுவரின் வெளிப்பக்கம். தொழிற்சங்கத் தமிழுக்கு வயது நூற்றைத் தாண்டுகிறது. 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது பி.பி. வாடியாவுடன் நின்ற திரு.வி.க., பழைய செங்கல்பட்டு மாவட்டத்துத் துள்ளத்தில் பிறந்தவர், வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவர். ஏவலும் வியங்கோளும் பாடம் நடத்தியவர் ஆலைத் தொழிலாளர் மேடைக்கு வந்தார் என்பது இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த தற்செயல். ஐந்தாண்டு கழித்து 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். மேடைத் தமிழிலும் முழக்கத் தமிழிலும் அன்றிலிருந்து ஒரு பாகுபாடு படிப்படியாக உறுதிப்பட்டிருக்கிறது. தொழிலாளி தொழிலாளியிடம் பேசும்போது பன்மை: திரளுங்கள், ஒன்றுபடுங்கள், வாரீர். நிர்வாகத்திடமும் அரசிடமும் பேசும்போது ஒருமை: வழங்கு, கைவிடு, பதில் சொல். இது கோபத்தில் வாய் தவறி வரும் ஒருமை என்று கொள்ள முடியாது. அதே சங்கத்தின் செயலாளர் அதே நாளில் தொழிலாளர் துறைக்கு எழுதும் மனுவில் ‘ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்’ என்றுதான் முடிப்பார். தாளம் காரணம் என்று சிலர் சொல்வார்கள். ஊர்வலத்தில் கத்த ‘ரத்து செய்’ வசதி, ‘ரத்து செய்யவும்’ வசதியில்லை என்று. உண்மைதான். ஆனால் ‘ரத்து செய்க’ என்பதும் தாளத்துக்கு உட்கார்ந்துவிடும். யாரும் அதைக் கத்துவதில்லை. கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. பலகைக் கட்டளையில் விளி கிடையாது. அணியவும் என்று யார் யாரிடம் சொல்கிறார் என்றே இராது. சுவரொட்டிக் கட்டளை விளியோடுதான் தொடங்கும்: நிர்வாகமே, தமிழக அரசே. பலகை அழித்துவிட்ட முன்னிலையை முழக்கம் திரும்பக் கொண்டுவந்து எதிரில் நிறுத்துகிறது. மிராசுதார் வாயில் பதில் பேச முடியாதவரை நோக்கிப் போன மொட்டை வினையடி, இங்கே பதில் பேசியே ஆக வேண்டியவரை நோக்கிப் போகிறது.

2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் அருகே சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையை நிறுத்தினார்கள். வேலைநிறுத்தம் அக்டோபர் 15 வரை நீடித்தது. மையக் கோரிக்கை சங்கத்துக்கு அங்கீகாரம். பதிவு 2025 ஜனவரியில் கிடைத்தது. கூலி உயர்வும் கோரிக்கையில் இருந்தது. ஆனாலும் எங்களை ஒரு தரப்பாக நிறுத்தி எங்களோடு பேசு என்பதே முன்னால் நின்றது. இலக்கணத்தில் சொன்னால், தங்களுக்கு ஒரு முன்னிலை வேண்டும் என்ற கோரிக்கை.

இவ்வளவும் சொன்ன பின் வலுவான ஆட்சேபம் ஒன்று மிச்சமிருக்கிறது. பலகை மரியாதையாகப் பேசினால் என்ன, வடிவம் மாறியதால் அதிகாரம் குறைந்துவிட்டதா என்று கேட்கலாம். குறையவில்லை. மாதிரி நிலையாணைகளில் ஒழுங்கீனங்களின் பட்டியலில் முதலில் நிற்பது, மேலாளரின் சட்டப்படியான, நியாயமான ஆணைக்கு வேண்டுமென்றே கீழ்ப்படியாமை. ஆணை எந்த வினைவிகுதியில் வந்தது என்று அது கேட்பதில்லை. ‘கேட்டுக்கொள்ளப்படுகிறது’ என்று வந்ததற்குக் கீழ்ப்படியாவிட்டாலும் விசாரணை உண்டு, இடைநீக்கம் உண்டு. டேய் என்று கூப்பிட்ட எசமானரிடம் கோபிக்க ஒரு முகமாவது இருந்தது, பலகையிடம் யார் கோபிப்பது என்று கேட்பவர்களையும் ஒரேயடியாக மறுக்க மாட்டேன். ஆனால் ‘சட்டப்படியான, நியாயமான’ என்ற அடைமொழிகளைக் கவனியுங்கள். படியாள் காலத்து ஏவலுக்கு இந்த அடைமொழி தேவைப்படவில்லை, சொன்னதே சட்டம். ஆணை எழுத்தில் வந்து, அதன் நியாயத்தை இன்னொரு மன்றத்தில் எடைபோடலாம் என்றான பிறகு, வாயால் ஏவுவது நிர்வாகத்துக்கே ஆபத்து. எனவே வடிவ மாற்றம் நாகரிகத்தால் மட்டும் வந்ததில்லை. எதிர்க்கேள்வி பிறக்கும் என்ற அச்சத்தாலும் வந்தது. லைனில் ஒரு பெண் ஆபரேட்டரை ‘ஏய்’ என்று அழைத்த சூப்பர்வைசர்மீது புகார் கொடுக்க முடிகிறது என்பது, பலகைத் தமிழ் பதமாக இருப்பதன் மறுபக்கம்.

நன்னூலிலேயே இன்னொரு விதி உண்டு. ஒரகடத்துக்காகவே எழுதியதுபோல் இருக்கும். செய் என்ற அடியோடு வி, பி என்ற விகுதிகளில் ஒன்று சேர்ந்தால் செய்வி, அதாவது இன்னொருவரைக் கொண்டு செய்யவை என்ற ஏவல். இரண்டும் அடுத்தடுத்துச் சேர்ந்தால் செய்விப்பி. அதை ஈரேவல் என்கிறது நூல். சொல்பவர் ஒருவரை ஏவ, அவர் இன்னொருவரை ஏவ, அவர் மூன்றாமவரை வைத்து வேலையை முடிக்க வேண்டும். கம்பெனி ஒப்பந்தக்காரரிடம் ஆள் கேட்கிறது, ஒப்பந்தக்காரர் தன் மேஸ்திரியிடம் சொல்கிறார், மேஸ்திரி பேருந்தில் ஆட்களை ஏற்றி ஷிஃப்டுக்கு இறக்குகிறார். பவணந்தி இரண்டு படியோடு நிறுத்திக்கொண்டார். இங்கே மூன்றாவது, நான்காவது படியும் உண்டு. சங்கிலி போன்ற இந்த ஏவலில் சுவரொட்டி எழுதுபவருக்குத்தான் சிக்கல். ‘நிர்வாகமே’ என்று விளித்தால், அவர் எங்கள் தொழிலாளி இல்லை என்று கம்பெனி சொல்லிவிடும். ஒப்பந்தக்காரரை விளித்தால், வேலையின் அளவையும் வேகத்தையும் நான் தீர்மானிப்பதில்லை என்பார் அவர். எனவே ஒப்பந்தத் தொழிலாளரைப் பற்றிய சுவரொட்டிகள் பலவும் கடைசியில் ‘தமிழக அரசே, தலையிடு’ என்றே தொடங்குகின்றன.